எந்த ஈயம்?

இப்போதெல்லாம் மனுஷன் முகத்தைப் பார்த்து எவனும் பேசுவதில்லை. தாளைப் பார்த்துத்தான் பேசுகிறான். வயிற்று வலி என்று போனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஆள் கிடையாது. ஊசியைக் குத்தி ரத்தத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் ஒரு தாளை நீட்டுகிறார்கள். அதில் இருப்பதுதான் வியாதி. வலி இந்தப் பக்கம் என்று கையை வைத்துக் காட்டினால், தாளில் அப்படி இல்லையே என்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன்கூட மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதில்லை. செல்போனைப் பார்க்கிறான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தெட்டு வருஷம் மலைமேல் ஏலச்செடிக்குத் துருசு மருந்து, மயில்துத்தம், அடித்தேன். துருசையும் சுண்ணாம்பையும் கலக்கியதும் ஒரு பழைய அருவாளைத் தீட்டி அதில் முக்கிப் பார்ப்போம். இரும்பின்மேல் செம்பு சிவப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு போதாது, அப்படியே அடித்தால் இலை கருகும் என்று அர்த்தம். படியாவிட்டால் அடிக்கலாம். எனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். கையில் பிடித்து, கண்ணால் பார்த்து நம்பியது.

என் பேத்தி ரோஜாவுக்கு மூன்று வயது. அவளைப் பெற்ற முத்துப்பிரியா என் ஒரே மகள். மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மகள் சிலமலையில் என்னோடு இருந்துகொண்டு, தினமும் போடிக்குப் போய் ஏலக்காய் பொறுக்குகிற வேலை பார்க்கிறாள். பகலெல்லாம் பிள்ளை என்னிடம்தான். வைகாசிக்கு மேல் பிள்ளை சாப்பிட மறுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது. ஓடி விளையாடுகிற பிள்ளை சுவரோரமாக உட்கார்ந்து வெறித்துப் பார்த்தது. எனக்கும் அவ்வப்போது வயிற்றைப் பிடித்து இழுத்தது, ஓமத்திரவம் குடித்துக்கொண்டேன். பிள்ளையை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார்கள். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லையாம். டாக்டரம்மா, மருந்து கொடுத்து ஈயத்தை வெளியே எடுக்கலாம், ஆனால் மறுபடியும் உள்ளே போனால் பிள்ளையின் மூளைக்கு ஆபத்து, எதிலிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர், பாத்திரம், பெயிண்ட், பொம்மை, நாட்டு மருந்து என்று அடுக்கிக்கொண்டே போனாள். தண்ணீர் என்று கேட்டதோடு நான் காதை மூடிக்கொண்டேன். எனக்குத்தான் தெரியுமே, எதிலிருந்து என்று.

முத்துப்பிரியா ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"வெசாழக்கெழமை பிள்ளைய விட்ருவாகளாம்ப்பா. அதுக்குள்ள எதுன்னு தெரியணும். தெரியாம எம்பிள்ளைய அந்த வீட்டுக்குள்ள கொண்டார மாட்டேன். நேரா திருப்பூருக்குப் போயிருவேன்."

"தாத்தன விட்டுட்டுப் பிள்ளை இருக்குமாத்தா?"

"உசுரோட இருந்தாப் போதும்ப்பா."



எங்கள் வீட்டுக்கு இரண்டு புஞ்சைக்காடு தள்ளி சௌந்தரபாண்டியனின் பேட்டரி செட்டு, தகரக் கொட்டகை, இருக்கிறது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற தகட்டை உருக்கி, கட்டிகளாக ஊற்றி லாரியில் ஏற்றிவிடுவான். ஊருக்குள் ஈயம் என்றால் அவன்தான். ஊர்ச்சாவடியில் நாலு பேருக்கு முன்னால் அவன் சட்டையைப் பிடித்தேன். நாற்பத்தைந்து வயது ஆள், என்னைத் தள்ளிவிட எவ்வளவு நேரமாகும். தள்ளவில்லை.

"எங்கெணறு செட்டுக்குப் பக்கத்துல இருக்கு பெரியப்பு. எம்பிள்ளைக ரெண்டும் அதைத்தான் குடிக்குது. ரெண்டு தண்ணியையும் சோதிப்போம். எந்தண்ணியில இருந்தா நானே செட்டை மூடிர்றேன்" என்றான்.

நாலு பேரும் அதுதான் நியாயம் என்றார்கள். ஊராட்சியில் கடுதாசி எழுதிக் கொடுத்தார்கள். போடியில் ஏலக்காயைச் சோதிக்கிற லேப்பு ஒன்று இருக்கிறது. காயில் என்னென்ன விஷம் ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குகிறானாம். அங்கே ஜெஸ்ஸி என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்தாள்.

"தாத்தா, கெணத்துல மொண்டு நேரா இதுல ஊத்தி மூடிருங்க. வேற எதுலயும் ஊத்தாதீக."

வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். திராவக வாடை. ஓ, இதில்தான் சூழ்ச்சியா என்று நினைத்தேன். சௌந்தரபாண்டியன் வசதியானவன். பாட்டிலுக்குள் எதையாவது தடவிக் கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? சாயந்திரம் கிணற்றில் மொண்டு என் தூக்குவாளியில் ஊற்றி வைத்தேன். காலையில் பாட்டிலை நாலு தடவை அலசினேன். தூக்கைத் துணிப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய், லேப்பு வாசலில் நின்று பாட்டிலில் ஊற்றி மூடினேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, தண்ணீர் தண்ணீர்தானே.

அன்றைக்குப் புதன்கிழமை.

சௌந்தரபாண்டியன் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் மறுகோடியில் உட்கார்ந்து தூக்கைக் காலுக்கடியில் தள்ளினேன். ஜெஸ்ஸி இரண்டு பாட்டிலையும் வாங்கி, பெயர் எழுதிய சீட்டை ஒவ்வொன்றின் கழுத்திலும் ரப்பர் வளையம் போட்டு மாட்டினாள்.

"நான் பார்க்கணும்" என்றேன்.

"பாருங்க தாத்தா. எதையும் தொடாதீக."

மிஷின் என்று பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். மருந்துக்கடை அலமாரி அளவுகூட இல்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் மயிரிழை ஓட்டை உள்ள கண்ணாடிக் குழாய் இறங்கியிருந்தது. குழாயின் நுனியில் ஒரு சொட்டு வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு தொங்கியது. கடுகில் பாதி இருக்கும்.

"இது என்னாத்தா?"

"பாதரசம்."

"அது விஷமில்லையா?"

"விஷந்தான். அதனாலதான் தொடாதீகங்குறேன்."

"விஷத்தைக் கண்டுபிடிக்க விஷமா? நல்லாருக்கு."

அவள் சிரிக்கவில்லை. முதலில் வெறும் சுத்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டு, அமிலத்தில் சில சொட்டு சேர்த்து, மெல்லிய குழாய் வழியாக ஏதோ காற்றை விட்டாள். தண்ணீர் கொப்பளித்தது. தண்ணீரில் கலந்திருக்கிற பிராணவாயுவை விரட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் அது குறுக்கே வந்து நிற்குமாம். பத்து நிமிஷம் அந்தக் கொப்பளிப்பையே பார்த்துக்கொண்டு இருந்தோம். முத்துப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. இன்னும் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

"இப்ப என்ன செய்யப்போறேன்னா," என்றாள் ஜெஸ்ஸி, "தண்ணிக்குள்ள இருக்குற ஈயம், செம்பு எல்லாத்தையும் கரண்டால இந்தச் சொட்டுக்குள்ள இழுத்து அடைச்சிருவேன். அப்புறம் கரண்டை மெல்ல மெல்ல மாத்தி எறக்கி விடுவேன். ஒவ்வொண்ணும் அதது எடத்துலதான் எறங்கும். மூணாறு போற பஸ்சு இருக்குல்ல, அது மாதிரி. முந்தல் ஆளு முந்தல்ல எறங்கும். போடிமெட்டு ஆளு போடிமெட்டுல எறங்கும். எத்தனை பேரு எறங்குறாகளோ அந்த அளவுக்கு இங்க கோடு மலையாட்டம் எழும்பும். யாரும் எறங்கலேன்னா கோடு தரையோட போகும்."

"பஸ்சுல டிக்கெட் எடுத்த எடத்துக்கு முன்னாடியே எறங்குறவனும் இருக்கான்."

"இதுல முடியாது தாத்தா."

சௌந்தரபாண்டியன் மூக்கால் சிரித்தான். "பெரியப்பு பஸ்சுலயே பாதி எடத்துல எறங்குறவரு."

"உன் செட்டுலயும் எறங்கத்தான் போறேன். பொறு" என்றேன்.

அந்தச் சுத்தத் தண்ணீரை முதலில் ஓட்டிக் காட்டினாள். கம்ப்யூட்டரில் கோடு தரையோடு போனது. அடுத்து சௌந்தரபாண்டியனின் பாட்டில். மறுபடியும் கொப்பளிப்பு, மறுபடியும் காத்திருப்பு. கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. தரையோடு ஊர்ந்தே முடிந்தது.

"இல்லை" என்றாள்.

பிறகு என் பாட்டில். கோடு கிளம்பினதும் ஒரு சின்ன மேடு எழுந்து இறங்கியது. அப்புறம் நடுவில் ஒரு மலை எழுந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மேற்குமலை மாதிரி செங்குத்தாக எழுந்து இறங்கியது. கடைசியில் இன்னொரு மேடு.

"அந்த நடுவுல இருக்குறது?" என்று கேட்டேன்.

"ஈயம் எறங்குற எடம். நெறைய இருக்கு தாத்தா."

நான் எழுந்து சௌந்தரபாண்டியன் முன்னால் போய் நின்றேன். "இப்ப என்ன சொல்ற? எம்பேத்தி குடிச்ச தண்ணிய நீதான்டா கெடுத்த."

"செட்டுக்கு ஒட்டுன கெணத்துல இல்லாதது ரெண்டு காடு தள்ளி ஒங்க கெணத்துல எப்படி வரும்?" என்றான் அவன். "பறந்தா வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியலை" என்றாள் ஜெஸ்ஸி. "இன்னொரு தடவை ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம்." அமிலம் எடுக்க உள்ளே போனாள். சௌந்தரபாண்டியன் போன் பேச வாசலுக்குப் போனான்.

இவள் ஏன் எனக்குச் சாதகமாக வந்ததைத் திரும்ப ஓட்ட வேண்டும்? அவன் பாட்டில் ஏன் சுத்தமாக வந்தது? மிஷின் தண்ணீரைப் பார்க்கிறதா, சீட்டில் இருக்கிற பெயரைப் பார்க்கிறதா? எனக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. ரப்பர் வளையத்தோடு சீட்டுகளைக் கழற்றி, அவன் சீட்டை என் பாட்டிலுக்கும் என் சீட்டை அவன் பாட்டிலுக்கும் மாட்டிவிட்டு, பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டேன். பேருக்குத் தக்கபடிதான் மலை எழும்புகிறது என்றால் இப்போது தெரிந்துவிடும்.

அவள் வந்தாள். கொப்பளித்தது. அவன் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் பெயர் போட்ட பாட்டிலில் கோடு தரையோடு போனது. ஜெஸ்ஸி புருவத்தைச் சுளித்தாள். அவன் பெயர் போட்டதை ஓட்டினாள். முதலில் சின்ன மேடு. நடுவில் மலை. கடைசியில் மேடு. ஒரு நூல் பிசகவில்லை.

"அண்ணே," என்றாள் தாழ்ந்த குரலில், "இப்ப ஒங்க தண்ணியிலதான் வருது."

சௌந்தரபாண்டியன் கட்டியிருந்த கையை எடுத்தான். திரையைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"ஏ, பிள்ளைக பள்ளிக்கூடம் போயிருச்சா? பாட்டில்ல தண்ணி எதுல புடிச்ச? நம்ம கெணத்துலயா? வாத்தியாருக்குப் போனைப் போடு. குடிக்க வேண்டாம்னு சொல்லச் சொல்லு. ஏன் எதுக்குன்னு கேக்காத. வெரசா போடு."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் போதும், செட்டு மூடிவிடும். நாலு பேருக்கு முன்னால் என் வாய்ச்சொல் ஜெயித்துவிடும். ஊராட்சித் தாளில் அவன் பெயர் ஏறும். வியாழக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும்.

வந்து? மலை எழும்பியது என் பாட்டிலில். சீட்டில் என்ன பெயர் இருந்தாலும் என் பாட்டிலில்தான் எழும்பியது. பிள்ளை வீட்டுக்கு வந்து அதைத்தான் குடிக்கும்.

"சீட்டை மாத்தி மாட்டுனது நாந்தான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சௌந்தரபாண்டியன் போனில் மறுபடியும் பெண்சாதியைக் கூப்பிட்டு, ஒன்றும் இல்லை, தண்ணி குடிக்கட்டும் என்றான். பிறகு என் முகத்துக்கு நேரே வந்தான். மூச்சு என்மேல் பட்டது.

"வயசுக்கு மரியாதை குடுத்து நிக்கிறேன் பெரியப்பு. வேறாளா இருந்தா இந்நேரம் பல்லு இருக்காது."

"அண்ணே, தள்ளி நில்லுங்க. கிண்ணத்துல பாதரசம் இருக்கு" என்றாள் ஜெஸ்ஸி. அப்புறம் என்னிடம் திரும்பினாள். "என்னையவா சோதிச்சீக?"

"மிஷினைச் சோதிச்சேன்."

"பாஸாயிருச்சா?"

அவள் திரையில் முதல் மேட்டில் விரலை வைத்தாள். "இது துத்தநாகம்." கடைசி மேட்டைக் காட்டினாள். "இது செம்பு. ரெண்டும் ஒண்ணா வந்துருக்கு. நான் மொதல்லயே யோசிச்சிருக்கணும். செம்பும் துத்தநாகமும் சேந்தா என்ன தாத்தா?"

"பித்தளை" என்றான் சௌந்தரபாண்டியன்.

"தண்ணிய எதுல கொண்டாந்தீக?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. பெஞ்சுக்கடியிலிருந்து துணிப்பையை இழுத்து, தூக்கை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் சம்சாரம் ராக்கு இருந்த காலத்தில் வாங்கிய பித்தளைத் தூக்கு. காலையில் வைக்கிற ரசத்தை இதில் ஊற்றிவிடுவேன். மத்தியானம் முத்துப்பிரியா வேலையில் இருப்பாள். நான்தான் சோற்றைக் குழைத்து இந்த ரசத்தை விட்டு ரோஜாவுக்கு ஊட்டுவேன். மிச்ச ரசத்தைப் பிள்ளை மூடியில் ஊற்றிக் குடிக்கும். புளிப்பென்றால் உயிர்.

ஜெஸ்ஸி கையுறை போட்டுக்கொண்டு தூக்கை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"ஈயம் பூசியிருக்கு."

"பூசாம இருந்தா ரசம் களிம்பேறிப் போகாதா? பங்குனியிலதான் பூசுனேன்."

"எந்த ஈயம்?"

"ஈயம்னா ஈயந்தான். எந்த ஈயம்னா?"

"பாத்திரத்துக்குப் பூசுறது வெள்ளீயம் தாத்தா. அதுல பயமில்லை. பேட்டரியில இருக்குறது காரீயம். பிள்ளை ரத்தத்துல இருக்குறது காரீயம். ரெண்டையும் நாம ஈயம்னுதான் சொல்றோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இந்த அமிலத்துல போட்டா மிஷினும் அப்படித்தான். ரெண்டு ஈயமும் ஒரே ஸ்டாப்புல எறங்கும். மலைய மட்டும் பாத்து இது எதுன்னு சொல்ல முடியாது."

"அப்ப ஒன் மிஷினுக்கும் தெரியலை" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. "வெள்ளீயமா இருந்தா எந்தூக்கு மேல தப்பில்லைல்ல?"

"இல்லை. வெள்ளீயமா இருந்தா."

சௌந்தரபாண்டியன் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"பெரியப்பு, பங்குனிப் பொங்கலுக்கு முந்தி செட்டுக்கு வந்து ஒரு துண்டுக் கட்டி வாங்கிட்டுப் போனீகளே. எதுக்கு?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். தெருவில் ஈயம் பூசுகிறவன் உலை போட்டிருந்தான். நாலு வீட்டுப் பாத்திரத்துக்குப் பூசி முடித்து என் தூக்கு வந்தபோது அவனிடம் ஈயம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன் என்றான். அடுத்த வாரம் எவன் கண்டது? ஈயம்தானே, இங்கே கிடக்கிறது ஈயம் என்று நான்தான் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, கனமா இருக்கே பெரியவரே என்றான். ஈயம் கனமா இல்லாமல் பஞ்சு மாதிரியா இருக்கும், பூசுடா என்றேன். பூசினான்.

"நீ குடுத்தது ஈயந்தானே?" என்று சௌந்தரபாண்டியனைக் கேட்டேன்.

"ஈயம் கேட்டீக, ஈயம் குடுத்தேன். தூண்டில் குண்டுக்குன்னு நெனச்சேன்."

உள்ளே இன்னொரு மேசையில் ஏலக்காய் அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்றாள் ஜெஸ்ஸி, "சந்தேகம் வேண்டாம். ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, ஒங்க கெணத்துத் தண்ணி நேரா வேணும். தூக்கு படாம. ரெண்டு, அந்தத் தூக்குத் தண்ணிய வேற கரைசல்ல போட்டு ஓட்டணும். அந்தக் கரைசல்ல வெள்ளீயம் பஸ்சுலயே ஏறாது. மலை காணாமப் போச்சுன்னா அது வெள்ளீயம். அப்படியே நின்னுச்சுன்னா காரீயம்."

சௌந்தரபாண்டியன் சாவியை எடுத்தான். "ஏறுங்க."

"நீ போயி மொண்டா நான் எப்படி நம்புறது?"

"அதுக்குத்தான் ஏறச் சொல்றேன்."

எவன் சட்டையைப் பிடித்தேனோ அவன் இடுப்பையே பிடித்துக்கொண்டு அவன் வண்டியில் சிலமலைக்குப் போனேன். எதிரே மலையிலிருந்து காய் லோடு ஏற்றிய ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. கிணற்றில் நானே மொண்டேன். இந்தத் தடவை பாட்டிலை மோந்து பார்க்கவில்லை, அலசவும் இல்லை. ஊற்றி மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கிணற்று மேட்டில் நின்று செட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது வயிறு பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிணற்றுத் தண்ணீர் தரையோடு போனது.

தூக்குத் தண்ணீரை வேறு கரைசலில் விட்டு அவள் கொப்பளிக்க வைத்தபோது மணி மூன்று. போன் அடித்தது. முத்துப்பிரியா.

"என்னப்பா? எதுன்னு சொன்னாகளா?"

"இரு ஆத்தா. இப்பத்தான் ஓடுது."

"என்ன ஓடுது?"

"இரு."

போனை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். ஜெஸ்ஸி பழைய பாதரசச் சொட்டைத் தட்டிவிட்டாள். அது கிண்ணத்தின் அடியில் போய் உருண்டு நின்றது. குழாய் நுனியில் புதுச் சொட்டு பிதுங்கி நின்றது. மலை மறையவேண்டும் என்று மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டேன். எதை நேர்ந்தேன் என்பது எனக்கும் ஆத்தாளுக்கும்தான் தெரியும். கோடு கிளம்பியது. முதல் மேடு. பிறகு தரை. தரையோடு கொஞ்ச தூரம் வந்தது. நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் மலை எழுந்தது.

"ஈயமா?" என்றேன்.

"காரீயம்."

"வெள்ளீயம் வழி தவறி ஏறிருக்கலாம்ல?"

ஜெஸ்ஸி ஒரு சின்னப் புட்டியைக் காட்டினாள். அதில் காரீயம் மட்டும் கரைந்திருக்கிறது, எவ்வளவு என்பதும் தெரியும் என்றாள். அதில் ஒரு துளியைக் கிண்ணத்தில் விட்டு மறுபடியும் ஓட்டினாள். வேறு இடத்தில் புதுசாக ஒன்றும் எழவில்லை. அதே மலை அதே இடத்தில் இன்னும் உயரமாக எழுந்தது.

"நீங்க துருசுத் தண்ணியில அருவாளை முக்குவீகள்ல?" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன். "எங்கப்பாவும் மலையில மருந்து அடிச்சவருதான். செம்பு இருந்தா அருவாள்ல படியும். இதுவும் அதே சோலிதான் தாத்தா. அருவாளுக்குப் பதிலா பாதரசம்."

"அருவாளை நான் பிடிச்சிருந்தேன். இதை நீ பிடிச்சிருக்க."

"சீட்டை மாத்துனப்பவும் அதே தண்ணியத்தானே காட்டுச்சு?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "நானும் அதே ரசத்தைத்தான் குடிச்சேன். எனக்கு என்ன வந்துச்சு?"

"ஓமத்திரவ வாடை வருது. வயிறு வலிக்குதா?"

"அது வயசு."

"ஒங்களுக்கும் ரத்தம் பாக்கணும் தாத்தா. பெரியாளு தாங்குவாக. பிள்ளை தாங்காது."

"அப்ப அவன் செட்டுல உருக்குற புகை எங்க போகுது? அது நல்ல புகையா?"

சௌந்தரபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டான். "அதையும் பாக்கத்தான் வேணும்" என்றாள் ஜெஸ்ஸி. "இன்னைக்கு நீங்க கொண்டாந்தது தண்ணி."

கையிலிருந்த போனுக்குள் முத்துப்பிரியா அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காதில் வைத்தேன்.

"கெணறு இல்ல ஆத்தா. கெணறு சுத்தமா இருக்கு."

"வேற எது?"

வாசலுக்கு வெளியே மலை தெரிந்தது. அங்கே முப்பத்தெட்டு வருஷம் எனக்கு ஒரு தாளும் தேவைப்படவில்லை.

"தூக்கு" என்றேன். "ரசத் தூக்கு. ஈயம் பூசுனதுல கோளாறுன்னு இந்தப் பிள்ளை சொல்லுது."

யார் பூசச் சொன்னது, எதை வைத்துப் பூசியது என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பின்னால் ரோஜா ஏதோ சிணுங்கினாள்.

"அந்தத் தூக்கு இனி வீட்டுல இருக்கக் கூடாதுப்பா."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னேன்ல."

ஜெஸ்ஸி தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வாங்கி மடித்துப் பையில் போட்டேன்; என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. தூக்கு மேசைமேலேயே இருந்தது. கைப்பிடியில் ராக்கு சுற்றிய சிவப்பு நூல் இன்னும் இருக்கிறது. அந்த நூலை மட்டும் பிரிக்கப் பார்த்தேன். இறுகிப் போயிருந்தது.

"விட்டுட்டுப் போறீகளா தாத்தா?"

"இருக்கட்டும். ஒன் மிஷினை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்னு நெனச்சுக்கிறாத."

"நெனைக்கலை."

"கடுகளவு பாதரசம் ஆடுறதை வச்சுக்கிட்டு ஈயத்துல இந்த ஈயம் அந்த ஈயம்னு ஒரு பேச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடி மாட்டினேன்.

சௌந்தரபாண்டியன் வண்டியைக் கிளப்பி என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஏறச் சொல்லி வாயால் கூப்பிடவில்லை. வண்டியை ஓடவிட்டுக்கொண்டு நின்றான். நான் அவனைத் தாண்டி நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெறும் துணிப்பை காற்றில் பறந்து பறந்து காலில் அடித்தது. ஒரே சொல்லுக்குள் இரண்டு சாமான் எப்படி இருக்கும்? அப்படி இருந்தால் இத்தனை வருஷம் ஒருத்தன்கூட எனக்கு ஏன் சொல்லவில்லை? எனக்கு இன்னும் அது சரியாகப் படவில்லை. பாத்திரக்கடை முன்னால் எவர்சில்வர் தூக்குகள் சரமாகத் தொங்கின. ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். இது எதில் செய்தது என்று கடைக்காரனைக் கேட்டேன். எவர்சில்வர் என்றான். எந்த எவர்சில்வர் என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் பதிலுக்கு நிற்காமல் நடந்தேன்.